அணைக்கக் கூடாத நேரம்

பாடி மேம்பாலத்தில் ஏறும்போது
வேகமானிக்குப் பக்கத்தில் எரிந்தது
ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் மிளகு சிந்தியது போல் புள்ளிகள்.
மூன்று நாள் பார்க்காதவள் போல் ஓட்டினேன்,
கடன்காரர் எதிரே வந்தால்
சாலையைக் கடந்துவிடுவோமே, அப்படி.

நான்காம் நாள் கொரட்டூர் கமாலுதீன்
காரை உயரத் தூக்கிக் காட்டினார்.
வயிற்றடியில் ஓர் இரும்பு உருளை.
"உள்ள பீங்கான், மேடம். தேன்கூடு மாதிரி.
ஒவ்வொரு ஓட்டையும் ஏதோ ஒரு பக்கம் அடைச்சிருக்கும்,
சுவர் வழியாத்தான் மூச்சு போகணும்.
கரி உள்ளயே நின்னுடும்."

நிற்கட்டுமே என்றேன்.

"நின்னா எப்படி? எரியணும்.
அறுநூறு டிகிரி வேணும்.
தினம் எவ்ளோ தூரம்?"

கொளத்தூரிலிருந்து அண்ணா நகர்.
ஆறு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம்.
ரெட்டேரியில் மட்டும் மூன்று பச்சை தவறும்.
இதை விற்றவர் வாராவாரம் நாகர்கோவில் போனவராம்.
என்னிடம் வந்த பிறகு
வண்டி சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது.

கணினியைச் செருகிப் படித்தார்:
தானாகவே எரிக்கப் பார்த்திருக்கிறது, பதினோரு முறை.
பதினோரு முறையும் நடுவில்
நான் சாவியைத் திருப்பியிருக்கிறேன்.
இறங்கிய பிறகும் ஓடிய அந்த விசிறி,
கருகிய இரும்பு வாடை,
எல்லாவற்றையும் சித்திரை வெயில் என்று நினைத்திருந்தேன்.
எரியாத டீசல் ஆயிலில் இறங்கி
குறைய வேண்டிய அளவு கூடியிருந்தது.

"புதுப்பேட்டைல உள்ள இருக்கறத உடைச்சி எடுத்துட்டு
வண்டிக்குப் பொய் சொல்லிக் குடுத்துடுவாங்க.
எட்டாயிரம். விளக்கே வராது."

அப்புறம் கரி?

அவர் பதில் சொல்லவில்லை, வாசலைப் பார்த்தார்.
பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் ஒருத்தி
கண் மட்டும் தெரிய
துப்பட்டாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆகவே இரவு பத்தரைக்கு,
புதிய ஆயில், முக்கால் டேங்க் டீசல்,
புழல் தாண்டி பைபாஸ்.
போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை.
அறுபத்தைந்தில் பிடி, நான்காவது கியர்,
முள் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது,
இருபத்தைந்து நிமிடம், நடுவில் அணைக்கவே கூடாது.
சூரப்பட்டு சுங்கச்சாவடி தானே திறந்தது.
அலைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.
லாரிகள் தூங்கும் ஓரம், தொழிற்பேட்டையின் நியான்.
இருபத்தைந்து நிமிடம் தொடர்ந்து
ஒரே காரியம் செய்து எத்தனை வருடமாயிற்று?

மதுரவாயல் தாண்டி, பதினேழாவது நிமிடம்,
சிவப்புக் கைவிளக்கு அசைந்தது.
"எங்கம்மா போறீங்க?"
எங்கேயும் இல்லை சார்.
"வண்டிய ஆஃப் பண்ணுங்க."
முடியாது சார். இன்னும் எட்டு நிமிஷம்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது
நான் சொன்னது.
ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றுமில்லை.
புகைக்குழாய் பக்கம் போய்க் குனிந்தவர்
அனல் முகத்தில் அடிக்கப் பின்வாங்கினார்.
கரியை எரிக்கிறேன் என்றேன்.
விட்டுவிட்டால் உங்கள் மேல்தான் வரும் என்றேன்.

மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார்.
வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்.
நடுவில், இரண்டு நாசிக்கு நேராக
இரண்டு கறுப்பு வட்டம்.
மடித்து வேறு பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டு,
"போங்க, சூடு ஆறிடப் போகுது" என்றார்.

போரூர் ஏரி வலப்பக்கம் இருட்டாய்க் கடந்தபோது
ஆரஞ்சுப் பெட்டி அணைந்தது.
சத்தம் இல்லை, மணி இல்லை.

கரிதான் எரியும், சாம்பல் எரியாது
என்றும் சொல்லியிருந்தார் கமாலுதீன்.
அது ஆயிலிலிருந்து வருவது, துளித்துளியாய்ச் சேரும்.
நல்ல ஆயில் ஊற்றினால் மெதுவாகச் சேரும், அவ்வளவுதான்.
ஒருநாள் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, அது அந்த ஒருநாள்.

இனி அணைக்கலாம், திரும்பலாம்.
பெருங்களத்தூர் வரை போனேன்.
அதற்குக் கமாலுதீன்
எந்தக் காரணமும் சொல்லியிருக்கவில்லை.